புழு குளவியாகுமா? தென்னை வெள்ளை ஈயும் ஒட்டுண்ணிக் கணக்கெடுப்பும்

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் போனால், எல்லை கடந்தது சோதனைச் சாவடியில்தான் தெரியும். தோப்பு மாறாது, பேச்சும் பெரிதாக மாறாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று அந்தப் பக்கமும் தமிழ் பேசுகிற விவசாயிகள்தான். 2016-இல் சுருள் வெள்ளை ஈ வந்தபோது அதுவும் எல்லை பார்க்கவில்லை.

அப்போது தொடங்கிய குழப்பம் இன்னும் தீரவில்லை. மட்டையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கிறது. வேளாண் துறையினர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள். விவசாயிக்குக் கேள்வி எழுவது நியாயம்தான். கண்ணுக்கே தெரியாத குளவி இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இத்தனை சதவீதம் ஒட்டுண்ணி தாக்கியிருக்கிறது என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது எப்படி வருகிறது? அதை நம்பி மருந்தை நிறுத்தலாமா?

இதற்கெல்லாம் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எந்தக் குளவி எந்தப் பூச்சிக்குள் வளர்கிறது என்று பார்த்து, எண்ணி, எழுதி வைக்கும் வேலையில். அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே தவறும் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

குளவி என்றால் எந்தக் குளவி

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் பக்கம் ஒரு பழமொழி உண்டு. சுவரில் மண்கூடு கட்டும் குளவி ஒரு பச்சைப்புழுவைக் கொட்டித் தூக்கிவந்து கூட்டுக்குள் வைத்து அடைக்கும். சில நாள் கழித்து அந்தக் கூட்டிலிருந்து குளவிதான் வெளியே வரும். புழுவே குளவியாக மாறிவிட்டது என்று நம் முன்னோர் முடிவு கட்டினார்கள். பார்த்தது சரி. உள்ளே நடந்ததுதான் வேறு. குளவி அந்தக் கூட்டுக்குள் முட்டையும் இட்டிருந்தது. முட்டையிலிருந்து வந்த குளவிக்குஞ்சு, அசையாமல் கிடந்த புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வந்தது.

மண்கூட்டுக் குளவியை வேட்டைக் குளவி என்றுதான் சொல்ல வேண்டும். இரையைத் தூக்கிவந்து தன் கூட்டில் சேர்த்துவைக்கிறது. ஒட்டுண்ணிக் குளவி அதைவிட ஒரு படி மேலே. அது கூடு கட்டுவதே இல்லை. இன்னொரு பூச்சியின் உடம்பே அதற்குக் கூடு. அந்தப் பூச்சியை ஓம்புயிரி என்கிறார்கள்.

பேன், உண்ணி போன்றவையும் ஒட்டுண்ணிகள்தான். ஆனால் மாட்டில் இருக்கும் உண்ணி மாட்டைக் கொல்வதில்லை. குளவி ஒட்டுண்ணி வளர்ந்து முடிக்கும்போது ஓம்புயிரி கட்டாயம் செத்திருக்கும். அதனால்தான் இவற்றுக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று 1913-இல் ராய்ட்டர் என்ற பின்லாந்து அறிவியலாளர் 'பாராசிடாய்டு' என்ற சொல்லை உருவாக்கினார். தமிழில் நாம் இரண்டையும் ஒட்டுண்ணி என்றே சொல்லிவருகிறோம். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இவை மனிதரைக் கொட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தோப்பில் வேலை செய்கிற என்கார்சியா ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. அதன் ஊசி முட்டை வைப்பதற்கானது, நம் தோலில் இறங்காது.

ஒரு புழு, பல குளவிகள்

வெள்ளை ஈக்கு முன்பே இந்தப் பக்கத் தென்னைக்காரர்களுக்குப் பழக்கமான எதிரி கருந்தலைப்புழு. ஓலையின் அடிப்பக்கத்தில் நூலும் கழிவும் கலந்து குழல்போல் கட்டிக்கொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பு தீய்ந்ததுபோல் இருக்கும். ஒட்டுண்ணிகளின் வேலைப் பங்கீட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

1. புழுப் பருவத்தில் பிரக்கான், கோனியோசஸ் என்ற குளவிகள் தாக்கும். கோனியோசஸைத்தான் இங்கே பெத்திலிட் என்று சொல்வார்கள்.
2. புழு கூட்டுப்புழுவாகும் முன் சுருங்கி நிற்கும் சில நாட்களில் எலாஸ்மஸ் வரும்.
3. கூட்டுப்புழுவான பிறகு பிராக்கிமீரியா, டிரைக்கோஸ்பைலஸ் வரும். ஒரு கூட்டுப்புழுவிலிருந்து பிராக்கிமீரியா ஒன்றே ஒன்றுதான் வெளிவரும். டிரைக்கோஸ்பைலஸ் கூட்டமாக வரும்.

இதில் கோனியோசஸைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். எறும்பு சாயலில் கறுப்பாக, மெலிந்து இருக்கும். புழு கட்டிய குழலுக்குள் நுழைந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்யும். அப்புறம் அதன் மேல்தோலில் முட்டைகளை வரிசையாக ஒட்டிவைக்கும். அதோடு போய்விடுவதில்லை. குஞ்சுகள் பொரித்துப் புழுவை வெளியிலிருந்து உறிஞ்சி வளரும்வரை தாய்க்குளவி அங்கேயே காவல் இருக்கும். வேறொரு கோனியோசஸ் வந்தால் விரட்டும். இத்தனை பாசம் ஒட்டுண்ணிக் குளவிகளில் அபூர்வம்.

மேலே சொன்ன பங்கீட்டிலிருந்து ஒரு முடிவு வருகிறது. தோப்பில் கூட்டுப்புழுக்கள் மட்டும் இருக்கும் வாரத்தில் கோனியோசஸை வாங்கிவந்து விட்டால் பயன் இல்லை, அதற்கு முட்டையிட இடம் இருக்காது. எந்தப் பருவம் அதிகமாக இருக்கிறது என்று முதலில் ஓலையைப் பிரித்து எண்ண வேண்டும். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும், கேரள வேளாண் துறையின் ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையங்களிலும் ஒட்டுண்ணி கேட்டுப் போகிறவரிடம் "புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது?" என்று கேட்பது அதனால்தான்.

தனக்கென வராத குளவி: என்கார்சியாவின் கதை

சுருள் வெள்ளை ஈ மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது. பெலிஸ் நாட்டுத் தென்னையில் கண்டு 2004-இல் பெயர் வைத்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் புளோரிடா, 2016-இல் இந்தியா. இங்கே முதலில் கண்டது பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். அதே காலத்தில் கேரளத்திலும் பரவிவிட்டது.

புதிய பூச்சி ஒன்று நாடு மாறி வந்தால் அதன் எதிரி கூடவே வருவதில்லை. பூச்சி பெருகுவதற்கு அதுதான் முதல் காரணம். ஆனால் இந்த வெள்ளை ஈயின் குஞ்சுகளைச் சேகரித்துவந்து பார்த்தபோது உள்ளிருந்து என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி வந்தது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

பதில் பழைய கணக்கெடுப்பு ஒன்றில் இருந்தது. 1993-இல் கேரளத்துக்கு வேறொரு வெள்ளை ஈ வந்திருந்தது. மரவள்ளி, கொய்யா என்று எல்லாவற்றிலும் ஏறியது. அந்த ஈயின் குஞ்சுகளில் இந்த என்கார்சியா வளர்வதை லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் கண்டார்கள். அங்கும் அது தானாக வந்து சேர்ந்ததுதான். அதை நிலப்பகுதிக்குக் கொண்டுவந்து விட்டார்கள், பரவியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அந்த ஈயின் நெருங்கிய உறவான சுருள் வெள்ளை ஈ தென்னைக்கு வந்தபோது, குளவி இங்கே ஏற்கெனவே குடியிருந்தது. புது ஈயையும் ஓம்புயிரியாக ஏற்றுக்கொண்டது.

எந்தக் குளவி, எந்தப் பூச்சியிலிருந்து, எந்த ஊரில் என்ற மூன்றே சொல் கொண்ட ஒரு பழைய குறிப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். அது எழுதப்படாமல் போயிருந்தால், 2016-இல் தோப்பில் என்ன நடக்கிறது என்று புரிய இன்னும் பல காலம் ஆகியிருக்கும். கணக்கெடுப்புக்கு ஒதுக்கும் பணத்தை வீண் செலவு என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை யோசிக்க வேண்டும்.

பொறி சொல்வது ஒன்று, டப்பா சொல்வது ஒன்று

குளவிக் கணக்கெடுப்பு இரண்டு தனி வேலைகள் கொண்டது.

முதல் வேலை, இந்த இடத்தில் எந்தெந்தக் குளவிகள் இருக்கின்றன என்று பார்ப்பது. இதற்கு மஞ்சள் தட்டு போதும். சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, சில துளி சோப்புக் கரைசலும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தரையில் வைத்தால் மஞ்சளைப் பூ என்று நினைத்து வந்து விழும். சோப்பு இல்லாவிட்டால் அவ்வளவு லேசான பூச்சி தண்ணீரின் மேலேயே நின்று பறந்துவிடும். இன்னொன்று மலேஸ் பொறி. ரெனே மலேஸ் என்ற சுவீடன் பூச்சியியலாளர், தன் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல்மூலைக்கே ஏறிச் சேர்வதைக் கவனித்து, அதையே பொறியாக்கினார். 1930-களில் பர்மாவில் அதைப் பயன்படுத்தினார். காட்டு ஓரங்களில் இன்றும் அதுதான் நடப்பு. பரம்பிக்குளம் போன்ற காப்பகங்களுக்குள் வைப்பதானால் வனத்துறை அனுமதி வேண்டும்.

ஆனால் பொறியில் விழுந்த குளவி தான் எதற்குள் வளர்ந்தது என்று சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது வேலை. ஓம்புயிரியை உயிரோடு எடுத்துவந்து வைத்திருந்து, என்ன வெளியே வருகிறது என்று காத்திருப்பது. இதில் பொறுமை தவிரப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரே தவறுதான் எல்லோரும் செய்வது, ஓலைத்துண்டை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுவது. ஒரு தென்னை ஓலையில் சுருள் வெள்ளை ஈயோடு, 2018-இல் கேரளத்தில் கண்ட கூடுகட்டும் வெள்ளை ஈயும் இருக்கலாம், செதில் பூச்சி இருக்கலாம், மாவுப்பூச்சி இருக்கலாம். பத்து நாள் கழித்து டப்பாவில் ஒரு குளவி நின்றால் அது யாரிடமிருந்து வந்தது? பெரிதாகத் தெரிந்த பூச்சியின் பெயரை எழுதிவிடுவார்கள். தவறான பதிவு அப்படித்தான் பிறக்கிறது. அச்சில் ஏறிவிட்டால் அடுத்தவர்களும் அதையே எடுத்து எழுதுவார்கள்.

சரியான முறை, ஒவ்வொரு குஞ்சாக ஊசிமுனையால் பெயர்த்து, தனித்தனி மாத்திரை உறையிலோ சிறு கண்ணாடிக் குப்பியிலோ போட்டு எண் எழுதிவைப்பது. குளவி வெளிவந்த பிறகு குஞ்சின் காலிக் கூட்டையும் எறியாமல் அதனோடு சேர்த்து வைக்க வேண்டும், ஓம்புயிரியை உறுதிசெய்ய அந்தக் கூடுதான் சாட்சி. பெயர் கண்டுபிடிப்பது நிபுணர் வேலை. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம், கோழிக்கோட்டில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையம் போன்ற இடங்களில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஓலையைத் திருப்பிப் பார்த்தால்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். தாக்கப்பட்ட மட்டையிலிருந்து ஓர் ஓலையை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். வெள்ளை மெழுகு கோலம் போட்டதுபோல் சுருள் சுருளாகத் தெரியும், அது முட்டை வைத்த தடம். மெழுகை மெல்லிய தூரிகையால் தள்ளினால் அடியில் தட்டையான முட்டை வடிவக் குஞ்சுகள் ஒட்டிக்கிடக்கும். ஒட்டுண்ணி இல்லாதது வெளிர் மஞ்சளாக இருக்கும். உள்ளே குளவி வளர்வது பொதுவாகக் கறுத்து இருக்கும்.

காலிக் கூடுகளைப் பாருங்கள். முதுகில் ஆங்கில 'T' எழுத்தைப்போல், நேராக ஒரு கிழிசலும் குறுக்காக ஒரு கிழிசலும் இருந்தால் அதிலிருந்து வெள்ளை ஈ தப்பிவிட்டது. ஊசியால் குத்தி எடுத்ததுபோல் வட்டமாக ஓட்டை இருந்தால் அதைக் கடித்துத் திறந்துகொண்டு வந்தது குளவி. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் தோப்பின் கதையில் பாதி தெரிந்த மாதிரி.

சதவீதம் எப்படி ஏமாற்றும்

ஒட்டுண்ணி தாக்கிய கூடுகளை மொத்தக் கூடுகளால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். கேட்க எளிது. ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சில ஓலைத்துண்டுகளில் திறக்காத கூடுகள் 200, அவற்றில் கறுத்தவை 80. அப்படியானால் 40 சதவீதம். அதே ஓலையில் வட்ட ஓட்டை உள்ள பழைய கூடுகள் 60 இருக்கின்றன. எண்ணுகிறவர் அவற்றையும் சேர்த்தால் 260-க்கு 140, அதாவது ஏறத்தாழ 54 சதவீதம். ஆனால் கிழிசல் விழுந்த கூடுகள் 90 இருந்து அவற்றை விட்டுவிட்டார். அவற்றையும் சேர்த்தால் 350-க்கு 140, மறுபடி 40. ஓலை ஒன்றுதான், மரம் ஒன்றுதான். குளவி தந்த ஓட்டையை எண்ணி, ஈ தந்த கிழிசலை எண்ணாததால் 14 சதவீதம் கூடிவிட்டது.

இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும்.

1. மிகச் சிறிய குஞ்சுகளை வகுக்கும் எண்ணில் சேர்த்தால் சதவீதம் குறைந்து தெரியும். அவற்றில் ஒட்டுண்ணி இருந்தாலும் வெளியே அடையாளம் இன்னும் வந்திருக்காது.
2. ஒட்டுண்ணி கொத்துக் கொத்தாக இருக்கும். வசதியான ஒரு மரத்தில், கைக்கு எட்டும் ஒரு மட்டையில் மட்டும் எடுத்த மாதிரி தோப்பு முழுவதற்கும் பேசாது. பல மரங்களில், கீழ் மட்டையும் நடு மட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.
3. ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குளவி எப்போதும் ஈயின் பின்னால்தான் பெருகும், முன்னால் பெருக முடியாது. முதல் எண்ணிக்கையில் 15 வந்து, பதினைந்து நாள் கழித்து 30 வந்தால் அந்தத் தோப்பு நல்ல வழியில் போகிறது. 50 இருந்து 30-க்கு இறங்கினால் ஏதோ நடந்திருக்கிறது, பக்கத்தில் யாராவது மருந்து அடித்தார்களா என்று விசாரிக்க வேண்டும்.
4. கறுத்த கூட்டிலிருந்து வருவது எல்லாம் நம் குளவி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணியாக வரும் குளவிகள் உண்டு. அவை பெருகினால் சதவீதம் நன்றாகத் தெரியும், ஈ குறையாது. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்கார்சியா வகைகள் பலவற்றில் பெண் வெள்ளை ஈயில் வளரும், ஆணோ தன் சொந்த இனத்துப் பெண் குஞ்சின்மேல் வளரும். எனவே குளவிக்குள்ளிருந்து குளவி வந்தாலே எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் கைலென்ஸ் போதாது, வளர்த்துப் பார்த்துப் பெயர் அறிய வேண்டும்.

இங்கே குளவி இல்லாவிட்டால்

என்கார்சியா தானாகக் கிடைத்த அதிர்ஷ்டம். எல்லா முறையும் அப்படி நடக்காது. 2020-இல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டார்கள். தமிழ்நாட்டிலும் பரவி மரவள்ளிக் கொழுந்தைச் சுருட்டிக் குட்டையாக்கியது. உள்ளூரில் அதை அடக்கும் குளவி இல்லை. ஆனால் ஆப்பிரிக்கா இதே பூச்சியை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருந்தது. பூச்சியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா என்பதால் அங்கே தேடிப்போய், பராகுவேயில் லோபெசி என்ற குளவியைக் கண்டு, 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே லோபெசியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் பெங்களூரு மையம் வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

ஏன் சோதிக்க வேண்டும்? ஓம்புயிரிப் பட்டியல் நீளமான குளவியைக் கொண்டுவந்தால் அது பட்டுப்பூச்சியையோ நன்மை செய்யும் பூச்சியையோ தொடலாம். குறிப்பிட்ட பூச்சியைத் தவிர வேறெதிலும் வளராத குளவிதான் இந்த வேலைக்கு ஏற்றது. 2008-இல் கோவையில் கண்ட பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இப்படித்தான், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவி இனங்கள் வந்தன. அதில் அசிரோபேகஸ் பப்பாயே நன்றாக நிலைத்துவிட்டது.

எல்லைத் தோப்பில் இதன் அர்த்தம்

மருந்து அடிப்பதில் நடப்பது இதுதான். வெள்ளை ஈயின் குஞ்சு மெழுகுக்கு அடியில், ஓலையின் கீழ்ப்பக்கத்தில் ஒட்டிக்கிடக்கிறது. என்கார்சியாவோ முட்டையிட இடம் தேடி ஓலை மேல் வெறும் காலோடு நடக்கிறது. தெளிப்பில் முதலில் சாவது குளவி. தப்பிய ஈக்கள் எதிரி இல்லாத தோப்பில் மறுபடி பெருகும்.

சித்தூர்ப் பக்கம் இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே ஏராளமான மரங்கள் கள் இறக்கும் மரங்கள். பாளையில் வடிவதை அன்றே குடிக்கிறார்கள். அந்த மரத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பதையோ வேரில் கட்டுவதையோ நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. எனவே குளவியைக் காப்பாற்றுவது அவர்களுக்கு இன்னும் அவசியம்.

இலையில் படிந்த கரும்பூசணம்தான் விவசாயியைப் பயமுறுத்தி மருந்துக்கடைக்கு ஓட வைக்கிறது. அது ஈ வெளியேற்றும் இனிப்புக் கழிவின் மேல் வளரும் பூஞ்சை, மரத்துக்குள் இறங்காது. ஒரு சதவீத ஸ்டார்ச் கரைசலை, கஞ்சிப் பசைதான் அது, மேலே தெளித்தால் காய்ந்து செதிலாக உரிந்து விழும். நல்ல மழையும் அதைக் கழுவிவிடும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு முறையில் எண்ணி, அந்தப் பக்கம் வேறு முறையில் எண்ணினால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. ஆழியாற்றுத் தண்ணீரைப் பங்கிடக் கணக்கு வைத்திருக்கிற இரண்டு மாநிலங்களும், இதற்கும் ஒரே முறையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தென்னங்கன்று லாரியில் ஏறும்போது அதன் ஓலையைத் திருப்பிப் பார்ப்பதற்கும் அதே முறையை வைத்துக்கொள்ளலாம்.

தோப்புக்காரர் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தாக்கிய மட்டையை வெட்டித் தீ வைக்கும் பழக்கம் இரண்டு பக்கமும் உண்டு. கொளுத்துவதற்கு முன் லென்ஸை எடுத்துப் பாருங்கள். கறுத்த, இன்னும் ஓட்டை விழாத கூடுகள் நிறைய இருந்தால், அந்த ஓலையைச் சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, ஈ புதிதாகத் தொற்றிய மரத்தின் மட்டைகளில் கட்டிவிடுங்கள், அல்லது குண்டூசியால் குத்திவிடுங்கள். ஓலை காய்ந்து சுருள்வதற்குள் குளவிகள் வெளியே வந்துவிடும்.